தாத்தாவுக்கு இல்லாத வாக்கு

எடின்பரோ
21.09.2014

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் முருகனை வேண்டிக்கொள்கிறேன். அப்பா ஆவணியில் எழுதிய கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. ‘அவன் எழுத மறந்தானா, எழுத்தையே மறந்தானா என்று கேளுங்கள்’ என்று அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தீர்கள். இரண்டையும் மறக்கவில்லை, அம்மா. தொலைபேசியில் எதை முதலில் சொல்வது என்று தடுமாறுவதற்குள் அட்டையில் காசு முடிந்துவிடுகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, வேலையும் இல்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன். தம்பி, வழக்கம்போல் பாதியை விழுங்காமல் அம்மாவுக்கு நிறுத்தி வாசித்துக் காட்டு.

குளிரைப் பற்றி அம்மா ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். தலவாக்கலையில் பிறந்தவனுக்குக் குளிர் புதிதல்ல. மார்கழி விடியலில் அப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நம் குளிர் ஓரிடத்தில் நிற்கும். இங்கே அது கடற்காற்றோடு வந்து எலும்பைத் தேடுகிறது. மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. இங்கே மின்சாரத்துக்கு ஒரு சாவி உண்டு. கடையில் அதில் காசு ஏற்றி வந்து மீட்டரில் செருகினால்தான் வெளிச்சமும் சூடும். நான் ஹீட்டரை அதிகம் போடுவதில்லை, அந்தச் சூடு தலைவலியைக் கொடுக்கிறது. அம்மா நுவரெலியாவில் வாங்கித் தந்த கம்பளிச் சட்டையும் போர்வையும் போதும். அறையில் கூட இருந்த பங்களாதேஷ் நண்பர் வேலை கிடைத்துக் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டார். இப்போது அறை முழுவதும் எனக்கே, படிக்க வசதியாக இருக்கிறது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உலர்ந்த தேங்காய்ப்பூ பொட்டலத்தில் கிடைக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து கோதுமை மாவோடு பிசைந்தால் ரொட்டி ஓரளவுக்கு வருகிறது. சம்பலுக்கு மாசிக் கருவாடு கிடைக்காது, வெங்காயமும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டு இடித்துக்கொள்கிறேன். கிழமையில் பல நாள் ரொட்டியும் பருப்பும்தான். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. ஹோட்டல் வேலை நன்றாகப் போகிறது. ஓகஸ்டில் இங்கே பெரிய கலைவிழா, ஊர் கொள்ளாத கூட்டம், மூச்சுவிட நேரமில்லை. இப்போது வேலை நாட்கள் குறைந்து ஓய்வு கிடைக்கிறது.

எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, மாடிப்படிப் பாட்டி? எண்பதைத் தாண்டியவர். இந்தக் கல்கட்டிடத்தில் படிக்கட்டைக் கழுவுவதற்கு வீட்டுக்கு வீடு முறை உண்டு. யாருடைய முறை வருகிறதோ அவர்கள் கதவுக் கைப்பிடியில் பாட்டி ஓர் அட்டையைத் தொங்கவிடுவார். என் முறை வந்தால் அட்டையைத் தொங்கவிட்டுப் போகமாட்டார். நான் கழுவி முடிக்கும்வரை தன் வாசலில் நின்று, மூலையை விட்டுவிட்டாய் என்று விரலை நீட்டுவார். பிறகு உள்ளே கூப்பிட்டுப் பருப்பு சூப் கொடுப்பார். காலையில் ஓட்ஸ் கஞ்சியைச் சீனி போடாமல் உப்புப் போட்டுக் குடிக்கிறார். நம் அப்பாயி கஞ்சிக்கு உப்புப் போட்டுக் கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றுவாரே, அதே கைப்பழக்கம். அன்று அந்தக் கஞ்சியை என்னால் முழுவதும் குடிக்க முடியவில்லை.

இனி அப்பா கேட்டதற்கு வருகிறேன். ‘ரேடியோவில் நீ இருக்கும் நாடு பிரியப் போகிறது என்கிறார்களே, கலவரம் ஏதும் வருமா, நீ வெளியே போகாதே’ என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வந்த வாரத்திலேயே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நான் வெளியே போனேன், அப்பா. போய் வாக்களித்துவிட்டு வந்தேன்.

ஆச்சரியமாக இருக்கும். எனக்கே அப்படித்தான் இருந்தது. வாக்கெடுப்பு 18ஆம் திகதி வியாழக்கிழமை. ‘ஸ்கொட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ என்ற ஒரே கேள்வி. ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். 2012 ஒக்டோபரில் லண்டன் அரசும் ஸ்கொட்லாந்து அரசும் இதே எடின்பரோவில் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட வாக்கெடுப்பு இது. யார் வாக்களிக்கலாம் என்பதை அடுத்த ஆண்டு ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் சட்டமாக்கியது. பிறப்பையோ இரத்தத்தையோ பார்க்காமல், இங்கே வசிக்கிறாயா என்று மட்டுமே அந்தச் சட்டம் கேட்டது. பிரித்தானியக் குடிமக்கள், ஐரோப்பிய ஒன்றியத்தினர், நாட்டில் தங்க அனுமதி பெற்ற பொதுநலவாய நாட்டவர் ஆகியோர் 16 வயது நிரம்பியிருந்தால் வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதியலாம். இலங்கை பொதுநலவாய நாடு. ஆகவே மாணவர் விசாவில் வந்த உங்கள் மகனுக்கும் வாக்கு.

மறுபக்கம், இங்கேயே பிறந்து இங்கிலாந்திலும் மற்றப் பகுதிகளிலும் போய் வாழும் ஸ்கொட்லாந்துக்காரர் சுமார் 8 இலட்சம் பேர். அவர்களுக்கு வாக்கில்லை. ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷோன் கொனரி இந்த நகரத்தில் பிறந்தவர், இளமையில் இந்தத் தெருக்களில் பால் விநியோகித்தவர், தனிநாடு வேண்டும் என்று பல காலமாகப் பேசியவர். பஹாமாஸில் வசிப்பதால் அவருக்கும் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் பிறந்து இங்கே குடியிருக்கும் நாலரை இலட்சம் பேருக்கு உண்டு.

பாட்டியின் மகன் லண்டனில் என்ஜினியர். எதிர்வீட்டுப் படுக்கையறையில்தான் பிறந்தாராம். ஒருநாள் சூப் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் பாட்டி சொன்னார்: ‘என் வயிற்றில் பிறந்தவனுக்கு இல்லாத வாக்கு, போன வருடம் பெட்டியோடு வந்த உனக்கு இருக்கிறது. உன்மேல் கோபமில்லை. ஆனால் இது நியாயமா, சொல்.’ எனக்கு வாயடைத்துவிட்டது. பதில் சொன்னது பேத்தி. பதினாறு வயது, பாடசாலைச் சீருடை, புத்தகப் பையில் ‘ஆம்’ வில்லை. ‘மாமா லண்டனில் வேலை செய்து, லண்டனில் வரி கட்டி, லண்டனில் ஓய்வெடுக்கப் போகிறார். நாளைக்கு இங்கே ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் காசு இருக்கிறதா இல்லையா என்பது என் தலையில்தான் விடியும்’ என்றாள். பாட்டி விடவில்லை. பவுணும் ஓய்வூதியமும் என்னவாகும் என்று கேட்டார். இருவரும் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள், பிறகு ஒன்றாகவே பாத்திரம் கழுவினார்கள். இந்த நகரத்தில் இரண்டு வருடமாக வீட்டுக்கு வீடு, பஸ்ஸுக்கு பஸ் இதுதான் நடந்தது.

பாட்டிக்கு இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. 1979 மார்ச்சில் ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சபை வேண்டுமா என்று ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்களித்தவர்களில் 51.6 வீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளரில் 40 வீதமாவது ஆதரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். ஆதரவு 33 வீதத்தையே எட்டியது, சபை வரவில்லை. வீட்டில் இருந்தவனும் இடாப்பில் பெயர் நீக்கப்படாத செத்தவனும்கூட எதிர்த்து வாக்களித்த கணக்காயிற்று. ‘அந்த வருடம் செத்தவனுக்கெல்லாம் வாக்கு, இந்த வருடம் உயிரோடிருக்கும் என் மகனுக்கு இல்லை’ என்றார் பாட்டி. அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தாவின் நினைவுதான். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் சி.வி. வேலுப்பிள்ளைக்கு வாக்களித்ததை அப்பாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! வெள்ளை வேட்டி கட்டி, கோட்டுப் போட்டு, லயத்து ஆட்களோடு வரிசையாக நடந்து போன கதை. அடுத்த வருடம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருடம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போய்விட்டது. தாத்தா பிறந்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் போனதும் அந்த மலையில்தான். ‘மலையிலே பேர் இருக்கு, இடாப்பிலே பேர் இல்லை’ என்று அவர் சொல்லுவாராமே. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, அஞ்சேகால் இலட்சம் பேர் இந்தியாப் பக்கம், மூன்று இலட்சம் பேர் இலங்கைப் பக்கம் என்று ஆட்களைப் பிரித்தபோது யார் நம்மிடம் கேட்டார்கள்? சின்னத் தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறிக் கோத்தகிரிக்குப் போனார். அண்ணன் தம்பி இருவரும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 1982 டிசம்பரில் பாராளுமன்றத்தின் காலத்தை நீட்டலாமா என்று, விளக்கா குடமா எனச் சின்னம் வைத்து நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தபோதும் தாத்தா நாடற்றவராகவே வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்பா, 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதானே உங்கள் கைக்கே குடியுரிமைக் காகிதம் வந்தது? அதைப் பார்க்க தாத்தா இல்லை.

அதனால், சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் இங்குள்ள நண்பர்களைப்போல் எனக்கு உடனே உடல் சிலிர்க்கவில்லை. சுதந்திரத்துக்கு மறுநாள் காலையில் யாரெல்லாம் குடிமக்கள் என்பதுதான் என் கேள்வி. சென்ற நவம்பரில் ஸ்கொட்லாந்து அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை 650 பக்கங்களுக்கு மேல். நாணயம், எண்ணெய், ஃபாஸ்லேன் தளத்து அணுவாயுதம் என்று எல்லோரும் வேறு பக்கங்களைப் புரட்டிச் சண்டை பிடித்தார்கள். நான் நூலகத்தில் அதை எடுத்ததும் குடியுரிமைப் பகுதியைத் தேடிப்போனேன். சுதந்திர நாளன்று இங்கே வசிக்கும் பிரித்தானியக் குடிமக்கள் எல்லோரும், எங்கே பிறந்திருந்தாலும், தாமாகவே குடிமக்கள் ஆவார்கள் என்று எழுதியிருந்தது. வெளியே வாழும், ஸ்கொட்லாந்தில் பிறந்த பிரித்தானியக் குடிமக்களும் அப்படியே. பாட்டியின் மகனுக்கு வாக்கு இல்லாவிட்டாலும் குடியுரிமை உண்டு. ஒருவரையும் கணக்கெடுத்து வெளியே தள்ளவில்லை. நம் நாட்டுத் தலைவர்கள் 1948இல் இப்படி ஒரு பக்கம் எழுதியிருந்தால் சின்னத் தாத்தா கப்பல் ஏறியிருக்கமாட்டார்.

அப்படியும் ஓர் உறுத்தல் இருந்தது. என் விசா ஜனவரியில் முடிகிறது. போகப் போகிறவன் இந்த நாட்டின் தலையெழுத்தில் கைவைக்கலாமா? பேத்தி, ‘நீங்கள் இருக்கும் நாள்வரை நீங்களும் இந்த ஊர்தான்’ என்றாள். அந்த வயதில் அப்படிச் சொல்வது எளிது. எனக்கு முழுச் சமாதானம் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டியது பாட்டி. தொப்பி, கையுறை, பளபளக்கும் சப்பாத்து. ‘உன் பெயர் இடாப்பில் இருக்கிறது. இருக்கும்போது போகாமல் இருக்கக் கூடாது. வா’ என்றார். தன் மகனுக்கு இல்லை என்று அவ்வளவு வருத்தப்பட்டவர், நான் எதிர்ப்பக்கம் போடுவேன் என்று தெரிந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

தேவாலய மண்டபம். பொலிஸ் படையும் இல்லை, முள்ளுக்கம்பியும் இல்லை. வாசலில் ஆம்காரரும் இல்லைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வணக்கம் சொன்னார்கள். உள்ளே ஒரு மேசை, இரண்டு அம்மாமார், ஒரு பட்டியல், ஒரு அடிமட்டம். முகவரியைக் கேட்டார்கள். நான் சட்டைப் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்றார்கள். அடையாள அட்டைக்காக அப்பா எத்தனை தடவை நுவரெலியாக் கச்சேரி அலுவலகத்துக்கு அலைந்தீர்கள், பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை என்று எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள்! இங்கே அந்த அம்மா அடிமட்டத்தை என் பெயருக்கு மேல் வைத்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்து, சீட்டைக் கொடுத்துவிட்டார். விரலில் மையும் பூசவில்லை. மறைப்புக்குள் நூலில் கட்டிய கட்டைப் பென்சில். ‘ஆம்’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். தாத்தாவின் பெயரை மனதில் சொல்லிக்கொண்டுதான் போட்டேன்.

ஆம் தோற்றுவிட்டது. 1,617,989 பேர் ஆம் என்றார்கள், 2,001,926 பேர் இல்லை என்றார்கள். 55க்கு 45. நூற்றுக்கு 84.6 பேர் வந்து வாக்களித்தார்கள். எடின்பரோவில் இல்லைக்கு 61 வீதம். கிளாஸ்கோவும் டண்டீயும் ஆம் பக்கம். முதலமைச்சர் அலெக்ஸ் சல்மண்ட் மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார். பேத்தி வெள்ளிக்கிழமை படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். வென்ற பாட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார், ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கும் வருத்தம்தான், அப்பா. ஆனால் தோற்றவர்கள் வீடு எரியவில்லை, தோற்றவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலிருந்தும் வெட்டப்படவில்லை. இந்த முறைக்காக நான் இன்னொரு தடவையும் வாக்களிப்பேன்.

வெள்ளி பிற்பகல் நடந்தே பாராளுமன்றம் வரை போனேன். அது இருக்கும் இடத்துக்குப் பெயர் ஹோலிரூட். நம் பக்கத்து ஹோலிரூட் தோட்டத்தின் பெயர் இங்கிருந்துதான் வந்திருக்கிறது. நானுஓயாவில் எடின்பரோ தோட்டம், லிந்துலையில் கலிடோனியா, பூண்டுலோயாவில் டன்சினேன், எல்லாம் இந்த நாட்டுத் துரைமார் தங்கள் ஊரை நினைத்து வைத்த பெயர்கள். பாட்டியிடம் சொன்னபோது நம்பவில்லை. கடிதவுறையின் பின்புறத்தில் பெயர்களை எழுதிக் காட்டினேன், அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். பாராளுமன்றத்துக்குப் பின்னால் ஒரு மலை. அன்று கடல் பனிமூட்டம் இறங்கி மலையைப் பாதி மூடியிருந்தது. சின்ன வயதில் கொழுந்து மடுவத்து வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்தால் மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் கூடை தெரியும், பிறகுதான் அம்மாவின் முகம் தெரியும். அங்கே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் வரப்போகிறார்கள்? காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்காமல் எழுவதற்கு எனக்கு இன்னும் பழகவில்லை, அம்மா. அப்பாயி கண்மூடும்போது வர முடியவில்லை, பரீட்சை இருந்தது. மார்கழியில் தலைத்திவசம். அதற்குள் வந்துவிட முயற்சி செய்கிறேன். டிக்கட் விலை அந்த மாதத்தில் மிகவும் ஏறும் என்கிறார்கள், பார்க்கலாம். என்னால் முடியாவிட்டால் தம்பியே எல்லாவற்றையும் செய்யட்டும். அப்பாயிக்குப் பிடித்த பால்சோறு மறக்க வேண்டாம்.

இனி வீட்டு விஷயம். ஹட்டன் மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சியிடம் கேட்டீர்களா? முதலில் அவள் வாயால் சொல்லட்டும். அவள் படிப்பு முடிய ஒரு வருடம் இருக்கிறது, அதற்கு முன்னால் தட்டு மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். அம்மாவின் சங்கிலி அடகில் இருப்பதை அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. அதை நான் மீட்டுத் தருகிறேன், தையில் முடியும். இந்த மாதம் அனுப்பும் பணம் ஐப்பசி முதல் வாரத்தில் சேரும். வங்கியில் கணக்கு மாற்றுகிறார்கள், அதனால்தான் தாமதம். கவலைப்பட வேண்டாம். அதுவரை மேட்டு லயத்துப் பெரியம்மாவின் சீட்டுக் காசைத் தள்ளிக் கேளுங்கள்.

அப்பா, அடுத்த வருடம் நீங்கள் ஓய்வு பெறும்போது வரும் ஈ.பி.எஃப். பணத்தை எனக்காகத் தொட வேண்டாம். கூரைத் தகரத்துக்குக்கூட அதிலிருந்து எடுக்க வேண்டாம். தோட்டத்தில் நீங்கள் பேர் வெட்டிய பிறகு லயத்துக் காம்பரா வீட்டைத் திருப்பிக் கேட்பார்களா என்று முன்கூட்டியே தோட்டத் தலைவரிடம் விசாரித்து, சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

தம்பிக்கு 18 ஆகிவிட்டது. இந்த வருட இடாப்பில் அவன் பெயரைக் கிராம சேவகர் பதிந்தாரா? அப்பா நேரில் போய்ப் பட்டியலைக் கையில் வாங்கி, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தங்கச்சியின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். பதுளை மாமா நேற்று ஊவா மாகாணசபைத் தேர்தலில் வாக்களித்திருப்பார். அங்கே நிலைமை எப்படி என்று எழுதச் சொல்லுங்கள். அவரிடம் வாங்கிய கடனுக்கு இந்த வருடக் கடைசியில் ஒரு பகுதியாவது கொடுப்பேன் என்றும் சொல்லுங்கள்.

தம்பியின் உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்றே எனக்கு மிஸ்ட் கோல் கொடுக்கட்டும், நானே திருப்பி எடுக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்குத் தலவாக்கலை ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையின் பெயரைப் பெட்டியைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்புங்கள், இங்கே மருந்துக் கடையில் கேட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்